இட்டேரி எந்த ஸ்டேஷனுக்குச் சேர்ந்தது

ஊமத்தம்பதி,
கொழிஞ்சாம்பாறை வழி.
19-3-1978, ஞாயிறு

அன்பு மகன் செங்கோட்டையனுக்கு அம்மா பழனாத்தாள் எழுதிக்கொண்டது. என் உடம்புக்குக் குறை ஒன்றும் இல்லை, கட்டுத்தரையில் மாடுகளும் நன்றாக இருக்கின்றன. நீயும் மருமகள் பெரியம்மாளும் பேத்தியும் பிலாயில் சுகமாக இருப்பதை உன் கடிதத்தில் படித்துச் சந்தோஷப்பட்டேன். அந்தக் கடிதத்தில் சந்தோஷப்பட வேறு எதுவும் இல்லை.

நடந்த அநியாயம் இதுதான். தை இருபத்தொன்றாம் தேதி வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு உன் தங்கை மருதாத்தாள் மகிளா சமாஜத்தில் தையல் வகுப்பை முடித்துவிட்டு நம் இட்டேரி வழியாக வந்துகொண்டிருந்தபோது, சின்னையன் கொட்டகையில் குடித்துக்கொண்டிருந்த மூன்று பேர் இரண்டு பக்க வேலிக்கும் நடுவில் குறுக்கே நின்று மறித்தார்கள். ஒருவன் பையைப் பிடுங்கினான், ஒருவன் முந்தானையைப் பிடித்து இழுத்தான், மூன்றாமவன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, ஏனுங்க டீச்சரு, ஊர்ப் பொம்பளைகளுக்கெல்லாம் அளவெடுக்கறீங்களே, எங்களுக்கும் அளவெடுங்க என்றான். அவள் தள்ளிவிட்டு ஓடி வண்டித்தடத்தில் விழுந்து வலது மணிக்கட்டு எலும்பு முறிந்தது. பக்கத்துக் காட்டில் கடலைக்கொடி பிடுங்கிக்கொண்டிருந்த ஏழெட்டுப் பேர் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடியும் குனிந்துகொண்டார்கள். வரவேண்டியவர்கள் யாரும் வரவில்லை. ஒரு கையால் இன்னொரு கையைத் தாங்கிக்கொண்டு தானாகவே நடந்து வீடு வந்து சேர்ந்தாள். இதை நீ ஏதோ போதாத காலம், நடந்தது நடந்துபோச்சு என்று எழுதியிருக்கிறாய். நடந்துபோகவில்லை. மூன்று பேர் செய்தார்கள், அவர்களைச் செய்யவிட்டவர்கள் இன்னும் பத்துப் பேர் இருக்கிறார்கள். அதனால்தான் இத்தனை பக்கம் எழுதுகிறேன், வேலை இருக்கிறது என்று பாதியில் மடித்து வைக்காமல் முழுக்கப் படி.

நீ ஊரை விட்டுப் போனபோது இட்டேரியில் அந்தக் கொட்டகை கிடையாது. அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் மதுவிலக்கு வந்து கடைகளை மூடிய பிறகு, பொள்ளாச்சி பஸ்ஸில் வந்து குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்புகிறவர்கள் பெருகிப்போனார்கள். சந்தையில் இருக்கும் லைசன்சுக் கடையைப் பற்றி நான் பேசவில்லை. இவன் லைசன்சு இல்லாதவன். நாலு மூங்கில் நட்டு ஓலை போட்டு, கேனில் சாராயம் கொண்டுவந்து வைத்து, காலை முதல் விளக்கு வைக்கும் வரை வியாபாரம். பஸ்ஸுக்காக நிற்கும் பெண்களைக் கேலி பேசுவது, பம்புசெட்டுக் கம்பியை அறுத்துக்கொண்டு போவது, மேய்கிற ஆட்டைத் தூக்கிப்போவது எல்லாம் அங்கிருந்து கிளம்பியதுதான். நம் கேரள எக்சைஸ்காரர்கள் வந்தால் கேனைப் பத்தடி கிழக்கே நகர்த்தி, இது தமிழ்நாடுங்க என்பான். அந்தப் பக்கத்து மதுவிலக்குப் போலீசு வந்தால் பத்தடி மேற்கே நகர்த்தி, இது கேரளாவுங்க என்பான். நான் ஒருநாள் நேரில் போய்க் கேட்டதற்கு, ஏனுங்க பெரியாத்தா, நான் ரெண்டு சர்க்காருக்கும் பொதுவானவனுங்க, ரெண்டு பேரும் ஒண்ணா வந்து சொல்லட்டும், காலி பண்ணிக்கறேன் என்று சொல்லிச் சிரித்தான். சிரிப்புக்குச் சொன்னான், நான் அதையே பிடித்துக்கொண்டேன்.

பாலக்காட்டில் மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு வந்த மறுநாளே நம் ஸ்டேஷனுக்குப் போனேன். ரைட்டர் நல்ல மனுஷன்தான், நாற்காலி போட்டு உட்காரவைத்தார், ஆனால் பேனாவைத் திறக்கவில்லை. அம்மே, ஸ்தலம் ஏதாணென்னு ஆத்யம் தீருமானிக்கட்டே என்றார். விழுந்த இடம் எந்த எல்லை என்று முடிவான பிறகுதான் எழுதுவாராம். அந்தப் பக்கத்து ஸ்டேஷனுக்குப் போனேன். அங்கே இருந்தவர், ஏனுங்கம்மா, உங்க ரேஷன் கார்டு கேரளா, உங்க ஓட்டு கேரளா, அடி வாங்கறதுக்கு மட்டும் எங்க எல்லைக்கு வருவீங்களா என்று கேட்டார். எக்சைஸ் ஆபீசில், கேன் எங்கள் பக்கம் இருக்கும்போது சொல்லி அனுப்புங்கள் என்றார்கள். கரண்ட் ஆபீசில் இட்டேரிக்கு ஒரு விளக்குக் கம்பம் கேட்டால், கம்பம் நடுகிற இடம் யாருடையது என்று எழுதிக் கொண்டுவரச் சொன்னார்கள். கடைசியில் பஞ்சாயத்து மெம்பராக இருக்கிற உன் மாமன் ஆறுமுகசாமியிடம் போனேன். என்கூடப் பிறந்தவன், எனக்கு ஆறு வயது இளையவன். அக்கா, நீ இந்த வயசுல ஊடு ஊடா ஏறி இறங்கினா எம்பட மரியாதை என்னாகறது, புள்ளையைக் கொஞ்ச நாளைக்கு வேற வழியாப் போகச் சொல்லு என்றான். வேறு வழி மூன்று மைல் சுற்று. தவறு செய்தவன் நேர்வழியில் உட்கார்ந்திருப்பான், தவறு செய்யாதவள் சுற்றிப் போகவேண்டும், இதற்கு ஒரு மெம்பர் எதற்கு என்று கேட்டுவிட்டு வந்தேன்.

உங்கள் அய்யன் காலமான பிறகு வீட்டிலிருந்த கிரயப் பத்திரங்களை வைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தவள் நான். பத்திரத்தில் படித்த படிப்பானதால் அபேட்சை மனு எழுத எனக்கு யாருடைய தயவும் தேவைப்படவில்லை. இரண்டு ஸ்டேஷனுக்கும், எக்சைசுக்கும், மதுவிலக்குப் போலீசுக்கும், கரண்ட் ஆபீசுக்கும், பஞ்சாயத்துக்கும், எல்லையை அளப்பதற்காக இரண்டு பக்கத்துத் தாலூக் ஆபீசுக்குமாக எட்டு அபேட்சை எழுதினேன். ஒவ்வொன்றிலும் கடைசியில் ஒரே மாதிரி ஒரு வரி சேர்த்தேன். மற்ற ஏழு இலாக்காவினரும் மார்ச் ஒன்றாம் தேதி புதன்கிழமை காலை பத்து மணிக்கு ஊமத்தம்பதி மகிளா சமாஜத்துக்கு வர இருப்பதால், தாங்கள் மட்டும் வராமல் போனால் அதையும் மேலிடத்துக்கு எழுத வேண்டியதாகும் என்று. எட்டையும் ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பினேன். எழுதிய அன்றைக்கு அது பொய். மார்ச் ஒன்றாம் தேதி பத்தரை மணிக்கு அது உண்மையாகிவிட்டது, எட்டு இடத்திலிருந்தும் ஆள் வந்துவிட்டார்கள்.

சமாஜத்தில் நர்சரிக் குழந்தைகள் உட்காரும் பெஞ்சுதான் உண்டு. இரண்டு பக்கத்து எஸ்.ஐ.களும் முழங்கால் நெஞ்சில் இடிக்க எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். சமாஜம் செக்ரட்டரி கத்தரீனாள் டீ போட்டுக் கொடுத்துவிட்டு, நோட்டுப் புத்தகத்தை விரித்து, யார் யார் என்ன சொல்கிறீர்களோ சொல்லுங்கள், எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்கிறேன் என்று உட்கார்ந்தாள். அதைப் பார்த்ததும் பாதிப் பேச்சு குறைந்துவிட்டது. எஸ்.ஐ.கள் இரண்டு பேரும் கொல்லங்கோட்டுச் சந்தையில் அடிக்கடி பார்த்துப் பழகியவர்களாம், அன்றுவரை இந்த விஷயத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லையாம். எல்லோரும் சொன்னது ஒன்றுதான், எல்லை தெரிந்தால் எங்கள் வேலையை நாங்கள் செய்கிறோம்.

சர்வேயர்கள் இரண்டு பேரும் சங்கிலி பிடித்து வடக்குக் கல்லிலிருந்தும் தெற்குக் கல்லிலிருந்தும் அளந்துகொண்டு வந்தார்கள். நடுக்கல் இருக்க வேண்டிய இடம் இட்டேரிக்குள் கொட்டகைக்குப் பக்கத்தில் வந்தது. தோண்டினால் முழ ஆழத்தில் ஒரு கல்லின் அடிப்பாகம் மட்டும் இருந்தது, மேல்பாகம் உடைந்து போயிருந்தது. இதுதான் எல்லைக்கல் என்றார் நம் சர்வேயர். எண் இல்லாத கல் வெறும் பாறை, நான் கையெழுத்துப் போடமாட்டேன் என்றார் அந்தப் பக்கத்தவர். எண் உள்ள மேல்பாகம் கிடைத்து உடைப்பும் பொருந்தினால் இப்போதே போடலாம், இல்லாவிட்டால் இரண்டு கலெக்டர் ஆபீசுக்கும் எழுதி முடிவாக ஒரு வருஷம் ஆகும் என்று இரண்டு பேரும் சேர்ந்து சொன்னார்கள். அதுவரை மருதாத்தாள் விழுந்த இடம் யாருடைய இடமும் இல்லை, கேசும் இல்லை. சின்னையன் கொட்டகை வாசலில் நின்று பீடி பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தான்.

செங்கோட்டையா, அந்த மேல்பாகம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும், நினைத்துப் பார்த்தால் உனக்கும் தெரியும். நம் கட்டுத்தரையில் தண்ணீர்த் தொட்டிக்கு முன்னால் மாடு வழுக்காமல் நிற்பதற்குப் போட்டிருக்கிறதே, அந்தக் கல். நீ இரண்டாம் வகுப்புப் படிக்கும்போது எருவண்டி அச்சு இடித்து அது உடைந்தது. இப்படி நல்ல கொத்துக் கல் தடத்தில் கிடந்தால் எடுத்துப்போய்க் கட்டுத்தரைக்கோ துவைக்கவோ போட்டுக்கொள்வது இந்தப் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான். எல்லைக்கல் என்று அப்போது யார் பார்த்தார்கள், பெண் எடுத்தது அந்தப் பக்கம், சந்தைக்குப் போவது இந்தப் பக்கம் என்று இருந்த காலம். உங்கள் அய்யன் வண்டியில் தூக்கிப்போட்டுக்கொண்டு வந்தார். ஆனால் எண் மேலே தெரிந்தால் யாராவது கேட்பார்கள், குப்புறப் போடுங்கள் என்று சொன்னவள் நான்தான். அவர்மேல் பழியைப் போட்டால் அவர் எழுந்து வந்து கேட்கப்போவதில்லை, இருந்தாலும் உள்ளது இது.

அத்தனை பேரையும் குற்றம் சொல்லி வரவழைத்துவிட்டு, என் வாயால் அதைச் சொல்லவேண்டிய நிலைமை எனக்கு. ஆறுமுகசாமிக்கும் அந்தக் கல் தெரியும். பக்கத்தில் வந்து, அக்கா, வாயைத் தொறக்காத, ஒரு வருஷம் ஆனா ஆகட்டும், நம்ம ஊட்டு மானம் போயிரும் என்று காதில் சொன்னான். அவன் சொன்னபடி இருந்துவிடலாமா என்று எனக்கும் ஒரு நினைப்பு வந்தது உண்மை. பிறகு சொல்லிவிட்டேன். கல் என் வீட்டில் இருக்கிறது, இருபத்துநாலு வருஷமாக என் மாடு அதன்மேல் நிற்கிறது, வண்டி கட்டி எடுத்துவருகிறேன் என்றேன். சின்னையன்தான் முதலில் சிரித்தான். அடேங்கப்பா, எல்லைக்கல்லையே தூக்கிட்டுப் போனவங்க நம்ம கேனைத் தேடி வந்திருக்காங்க என்றான். அந்தப் பக்கத்து எஸ்.ஐ. திரும்பி நின்றுகொண்டார், அவருக்கும் சிரிப்பு. நம் சர்வேயர் மட்டும், அம்மா, சர்வேக் கல்லை எடுப்பது குற்றம், நான் ரிப்போர்ட் எழுதியாக வேண்டும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். எழுதுங்கள், கையெழுத்துப் போடத் தெரியும், ஆனால் முதலில் கல்லை நடுங்கள் என்றேன். மத்தியானத்துக்குள் கல் வந்தது. சாணியைக் கழுவிப் பார்த்தால் எண் அப்படியே இருந்தது. அடிப்பாகத்தின்மேல் வைத்தபோது உடைப்பு உதடும் உதடும் போலப் பொருந்தியது. அந்தப் பக்கத்து சர்வேயர் மறுபேச்சு இல்லாமல் கையெழுத்துப் போட்டார்.

கோடு போட்டுப் பார்த்ததில் கொட்டகையின் அடுப்பு தமிழ்நாட்டிலும் பெஞ்சு கேரளத்திலும் இருந்தது. நம் தென்னையில் இரண்டு தமிழ்நாட்டில் நிற்கிறது, அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மருதாத்தாள் விழுந்த வண்டித்தடம் நம் எல்லைக்குள் நாலடி. ரைட்டர் அங்கேயே பேனாவைத் திறந்தார்.

அதற்குப் பிறகு அவர்கள் வேலை செய்யவில்லை என்று நான் சொல்லமாட்டேன். ஒன்பதாம் தேதி வியாழக்கிழமை நம் எக்சைஸ்காரர்களும் அந்தப் பக்கத்து மதுவிலக்குப் போலீசும் ஒரே மணிக்கு வந்தார்கள். சின்னையன் வழக்கம்போல கேனைத் தூக்கிக்கொண்டு பத்தடி கிழக்கே ஓடி, வேலிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் மடியிலேயே போய் விழுந்தான். கொட்டகையைப் பிரித்துவிட்டார்கள். மறித்த மூன்று பேரில் இரண்டு பேரைப் பிடித்திருக்கிறார்கள், பையைப் பிடுங்கிய பெரியமுத்து ஒருவன். அளவெடுக்கச் சொன்னவன் மட்டும் இன்னும் அகப்படவில்லை. அவன் ஆறுமுகசாமியின் பெண்டாட்டி ஊர்க்காரன். அவனுடைய ஆட்கள் வந்து, கோயிலில் வைத்து மன்னிப்புக் கேட்கிறோம், கேசை வாபஸ் வாங்கச் சொல்லுங்கள் என்று ஆறுமுகசாமியைப் பிடித்திருக்கிறார்கள். உன் மாமன் என்னிடம் சொல்ல வாயில்லாமல் உனக்கு எழுதியிருக்கிறான். நீ அதை அப்படியே திருப்பி எனக்கு எழுதியிருக்கிறாய், ஊர் வம்பு நமக்கு எதற்கு, லீவு போட்டு வந்து மருதாவை இங்கே கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று. அவள் சித்தூர்க் கோர்ட்டில் ஏப்ரல் பதினேழாம் தேதி திங்கட்கிழமை நின்று சொன்னால்தான் கேஸ் நிற்கும். அவள் பிலாய்க்கு ரயில் ஏறிவிட்டால் இந்த எட்டு இலாக்காவும் பழையபடி எட்டுப் பக்கம் போய்விடும்.

இனி அவளைப் பற்றி எழுதுகிறேன், கவனமாகப் படி. போன வெள்ளிக்கிழமை மாவுக்கட்டை அவிழ்த்தார்கள். எலும்பு கூடிவிட்டது, விரல்கள் இன்னும் சரியாக மடங்கவில்லை. ஆறு வாரமாக ஆஸ்பத்திரி தவிர வாசல் தாண்டவில்லை. கத்தரீனாள் அவளுக்குப் பதிலாக வகுப்பைப் பார்த்துக்கொள்கிறாள், ஆனால் மார்ச் முடிந்தால் வேறு டீச்சர் போடவேண்டும் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்களாம். நீ எழுதியதைப் படித்துக் காட்டாதே என்று நீ சொல்லவில்லை, அதனால் படித்துக் காட்டினேன். அதில் அவளை யார் அந்த வழியில் போகச் சொன்னது என்று ஒரு வரி எழுதியிருக்கிறாயே, அந்த வரி வந்ததும் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நான் நிறுத்தினேன். முழுக்கப் படிங்கம்மா என்றாள். படித்தேன். நான் அண்ணங்கிட்டயே போயிடறனுங்கம்மா என்றாள். மறுநாள் காலையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருக்கும்போது பின்னால் வந்து நின்று, அண்ணனுக்கு என்மேல கோவமுங்களா என்று கேட்டாள். ஸ்டேஷனில், தாலூக்கில், எவன் கேட்டாலும் பதில் சொன்னவள் நான், இதற்கு நீதான் பதில் சொல்லவேண்டும். அவள் உன்னிடம் வர விரும்பினால் வரட்டும், நான் கட்டிப்போடவில்லை. தப்புச் செய்தவள்போல வரக்கூடாது, அவ்வளவுதான்.

ஆகவே இனி ஆகவேண்டியது என்ன, யார் யார் செய்யவேண்டும் என்று எழுதுகிறேன், கத்தரீனாள் நோட்டிலும் இதுவே இருக்கிறது. நம் ஸ்டேஷன் மூன்றாமவனைப் பதினேழாம் தேதிக்குள் பிடித்துக் கோர்ட்டில் நிறுத்தவேண்டும். அந்தப் பக்கத்து ஸ்டேஷன் அவனுக்கு இடம் கொடுக்கக்கூடாது. இரண்டு ஸ்டேஷனிலிருந்தும் ஆளுக்கொரு போலீஸ்காரர் தினமும் நாலு மணிக்கு இரண்டு முனையிலிருந்தும் இட்டேரிக்குள் நடந்து வந்து கல்லடியில் சந்தித்துக் கையெழுத்துப் போடவேண்டும், நாலு நாளாக வருகிறார்கள், நிற்கக்கூடாது. எக்சைசும் மதுவிலக்குப் போலீசும் மாதம் ஒரு தடவையாவது ஒன்றாக வரவேண்டும், தனியாக வந்தால் வராததற்குச் சமம். கரண்ட் ஆபீஸ் கம்பம் நடவேண்டும், இடத்துக்கு இனிச் சாக்கு இல்லை, நம் காட்டிலேயே நட்டுக்கொள்ளட்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆறுமுகசாமி இட்டேரியில் தன் பக்கத்துக் கிளுவை வேலியை இடுப்பளவுக்கு வெட்டவேண்டும், ஆடு நுழையும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறான், நம் பக்கத்தை நான் வெட்டிவிட்டேன், பங்குனி முடிவதற்குள் அவன் வெட்டாவிட்டால் நான் ஆள் விட்டு வெட்டுவேன். அவனுக்கு நீ இனிக் கடிதம் எழுதினால் மன்னிப்பு, கோயில் என்ற பேச்சு அதில் இருக்கக்கூடாது. நான் ஏப்ரல் மூன்றாம் தேதி கல்லை எடுத்த குற்றத்துக்குத் தாலூக் ஆபீசில் போய் நிற்கவேண்டும், நிற்பேன், விதிப்பதை ஏற்றுக்கொள்வேன். மருதாத்தாள் செய்யவேண்டியதை அவளே சொல்லட்டும், நான் எழுதவில்லை.

நீ செய்யவேண்டியது இரண்டு. லீவு போடு, ஆனால் கூட்டிப்போக வராதே, பதினாறாம் தேதி வந்து சேர்ந்து பதினேழாம் தேதி கோர்ட்டில் அவள் பக்கத்தில் நில். அதற்கு முன்னால், இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த கையோடு, எனக்கு இல்லை, அவள் பேருக்குத் தனியாக ஒரு கவர் போடு. அந்த ஒரு வரியை எழுதியது தப்பு என்று உன் கையாலேயே எழுது, பெரியம்மாளை எழுதச் சொல்லாதே.

நம் மாகாளியாத்தா உங்கள் மூன்று பேரையும் நோய்நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும், பேத்திக்கு என் முத்தம், மருமகளுக்கு ஆசி. மார்ச் முடிவதற்குள் கவர் இங்கே வந்து சேரவேண்டும், எக்ஸ்பிரஸ் டெலிவரி என்று மேலே எழுத மறக்காதே.

இப்படிக்கு,
உன் அம்மா
பழனாத்தாள்